“போதும்” என்று கணினிக்கு யார் சொல்வது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: சூடு, பேட்டரி, விசிறி இரைச்சல். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது என்பதை நாள்காட்டி பார்க்காமலே என் சர்வீஸ் மேசையில் குவியும் லேப்டாப்புகளை வைத்துச் சொல்லிவிடலாம். ஆகவே பிரின்டர், வைரஸ், மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் அடுத்த இதழுக்கு. வேகத்தையும் மின்செலவையும் கணினி தானாகவே எப்படிக் கட்டுப்படுத்துகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் லேப்டாப்பில் சிறந்த மின்சேமிப்பு, சமநிலை, சிறந்த செயல்திறன் என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. எதில் வைத்தால் கரன்ட் பில் குறையும்?
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்*

ஐயா, எதில் வைத்தாலும் பில்லில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் குறையாது. சாதாரண லேப்டாப் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 50 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. அடியோடு காலியான பேட்டரியை ஏறக்குறைய இருபது முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட் ஓடும். சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் சற்று முன்னதாகவே ஓடலாம், அவ்வளவுதான். இன்று படுக்கையறை ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னால் அணைத்தீர்கள் என்றால் லேப்டாப்பின் ஒரு வாரச் செலவு அதிலேயே வந்துவிடும்.

அந்த மூன்று தேர்வுகளும் பில்லுக்காக வைத்தவை அல்ல. சூட்டுக்காகவும் பேட்டரி தாக்குப்பிடிக்கும் நேரத்துக்காகவும் வைத்தவை. சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகுகிற வாட்மீட்டர் ஒன்று என் மேசையில் எப்போதும் கிடக்கும். பேட்டரி நிரம்பிய லேப்டாப்பை அதில் செருகி ஒன்றும் செய்யாமல் விட்டால் எட்டு, ஒன்பது வாட் காட்டும். பிரவுசரைத் திறக்கிற கணத்தில் முப்பதைத் தாண்டும். செய்தித்தளம் முழுவதும் வந்து நின்றதும், நீங்கள் தலைப்புகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென்று இறங்கி மறுபடி எட்டுக்கு வந்துவிடும். பழைய ஏ.சி.யில் கம்ப்ரசர் ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம், இன்வெர்ட்டர் ஏ.சி. தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது அல்லவா? கணினியின் மூளையான ப்ராசஸரும் அப்படித்தான். ஆனால் ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை கூட்டிக் குறைத்துவிடும்.

நீங்கள் தேர்ந்தெடுப்பது வேகத்தை அல்ல, அவசரத்தை. செயல்திறன் பக்கம் தள்ளினால் சிறிய வேலை வந்தாலும் ப்ராசஸர் பாய்ந்து எழும். சேமிப்புப் பக்கம் தள்ளினால் ‘உண்மையிலேயே வேலை இருக்கிறதா’ என்று சற்றுப் பார்த்துவிட்டு எழும். மின்னஞ்சலும் யூடியூப் கச்சேரியும்தான் உங்கள் உபயோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். சமநிலையில் விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் இருபடியையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது என்று பாடத்தில் படிக்கிறோம். அப்படியானால் மெதுவாக ஓட்டினால் எப்போதும் மிச்சம்தானே? என் அறை நண்பனோ, ‘வேகமாக முடித்துவிட்டுத் தூங்க வைப்பதுதான் மிச்சம்’ என்கிறான். யார் சொல்வது சரி?
*– பொறியியல் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

தம்பி, இருவரும் சரி, இருவரும் தப்பு. இந்தத் துறையே இந்தச் சண்டையில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

ஒரு வேலையை முழு வேகத்தில் முடிக்க 10 விநாடி. அப்போது ப்ராசஸர் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் குறைக்கிறோம். 0.8-ஐ மும்முறை பெருக்கினால் 0.512. அதாவது பத்து வாட் 5.12 வாட்டாகிறது. வேலை முடிய 12.5 விநாடி. வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல். முன்பு 100 ஜூல், இப்போது 64 ஜூல். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். இதுவரை நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் ப்ராசஸர் தனியாக ஓடுவதில்லை. திரை, நினைவகம், வைஃபை, மதர்போர்டு எல்லாம் விழித்திருக்கின்றன. அவை சேர்ந்து 6 வாட் எடுப்பதாகவும், வேலை முடிந்ததும் எல்லாமே தூங்கிவிடுவதாகவும் கொள்ளுங்கள். வேகமாக ஓட்டினால் 160 ஜூல். மெதுவாக ஓட்டினால் 139. இன்னும் நீங்கள்தான் முன்னால். அதே பாகங்கள் 20 வாட் எடுத்தால்? வேகத்துக்கு 300, மெதுவுக்கு 314. உங்கள் நண்பன் ஜெயித்துவிட்டான். கூடுதலான அந்த இரண்டரை விநாடியும் மற்ற பாகங்கள் சும்மா விழித்துக் கிடந்ததுதான் காரணம். அந்த பாகங்கள் எவ்வளவு எடுக்கும் என்பது உங்கள் திரையின் வெளிச்சத்தைப் பொறுத்தும் மாறும், எந்த போர்டு என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே எல்லாக் கணினிக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்துகிற சூத்திரம் கிடையாது. கணினி தன்னையே அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் முறைகள் தேவைப்பட்டதே இதனால்தான்.

உங்கள் பாடப்புத்தகத்தில் ஒருவேளை இல்லாத வரலாறு கொஞ்சம். சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்க ஆக்க, மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் இறக்கலாம். ஆகவே சிப் சூடாகாமலே வேகம் ஏறும் என்று 1974-இல் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டினார்கள். முப்பது ஆண்டுக் காலம் அந்த வாக்கு பலித்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் இறக்க முடியவில்லை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 ப்ராசஸர் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அன்றைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்காலிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்த பென்டியம் 4 இயந்திரங்களின் விசிறிச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த மன்னிப்பு தாமதமாக வந்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

மின்சாரத்தைப் பார்த்து வேகத்தை முடிவுசெய்யும் யோசனை அதற்கும் முந்தையது. 1994-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசரின் குழு, கடந்த சில கணங்களின் சுமையை வைத்து அடுத்த கணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு ஜூலுக்கு எத்தனை ஆணைகள் நிறைவேறின என்பதே அவர்களுடைய அளவுகோல். 2000-ஆம் ஆண்டு டிரான்ஸ்மெட்டாவின் குரூசோ சிப் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஓடும்போதே மாற்றிக் காட்டியது. 2004-இல் லினக்ஸ் இயங்குதளத்தில் ‘ஆன்டிமாண்ட்’ என்ற கட்டுப்பாடு வந்தது. சுமை ஒரு வரம்பைத் தாண்டினால் நேராக உச்ச வேகம், இறங்கினால் மெல்ல இறக்கம் என்று அதன் விதி எளிமையானது. அந்த எளிமையாலேயே நெடுங்காலம் ஓடியது.

இரவு எட்டு மணி மாத்திரைக்காக போனில் நினைவூட்டல் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் ஒழுங்காக அடித்தது. இப்போது சில நாள் அடிக்கிறது, சில நாள் நான் போனை எடுக்கும்போதுதான் அடிக்கிறது. செயலி கெட்டுவிட்டதா?
*– இல்லத்தரசி, நாகர்கோவில்*

அம்மா, செயலி கெடவில்லை. உங்கள் போன் மிகவும் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். பின்னணியில் ஓடும் செயலிகள் தங்கள் வேலைக்கு இடைவெளி விட்டுத்தான் அனுமதி பெறும். 2018-இல் ஆண்ட்ராய்டு 9 இன்னொரு படி போனது. நீங்கள் எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று கவனித்து, அடிக்கடி திறப்பது, எப்போதாவது திறப்பது, அரிதாகத் திறப்பது என்று தரம் பிரித்துக்கொள்கிறது. அரிதாகத் திறப்பவற்றுக்குப் பின்னணியில் விழித்தெழும் உரிமை குறையும். இது போதாதென்று சில போன் நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான விதிகளையும் சேர்த்துவைக்கின்றன.

மாத்திரைச் செயலியை நீங்கள் ஏன் திறக்கப்போகிறீர்கள்? அடித்ததும் நிறுத்திவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வீர்கள். போனின் கணக்கில் அது பயன்படாத செயலி. பேரன் விளையாடும் பலூன் வெடிக்கும் விளையாட்டோ தினமும் திறக்கப்படுகிறது, ஆகவே அதற்கு முதல் மரியாதை. போனிடம் யாரும் ‘இந்த வீட்டில் எது முக்கியம்’ என்று சொல்லவில்லை. ‘பேட்டரியைக் காப்பாற்று’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அது சொன்னதைச் செய்கிறது.

அமைப்புகளில் அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு, பேட்டரி என்ற வரிக்குள் போனால் ‘கட்டுப்பாடற்றது’ அல்லது ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போடுங்கள். அதோடு, உடல்நலம் சம்பந்தப்பட்டதாகையால், போனோடு வரும் கடிகாரத்திலும் எட்டு மணிக்கு ஓர் அலாரம் வையுங்கள். கடிகார அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு விலக்கு அளித்திருக்கிறது.

‘தன்னுணர்வுள்ள கணினி’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். கணினிக்கு மனம் வந்துவிட்டதா?
*– மென்பொருள் நிரலர், கோயம்புத்தூர்*

மனமெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். பெயர் வைப்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அடக்கம் போதாது. ஆனால் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலை முதல்தரமானது.

2001-இல் ஐபிஎம்மின் ஆராய்ச்சித் தலைவர் பால் ஹார்ன் ஓர் அறிக்கை வெளியிட்டார். கணினி அமைப்புகள் மனிதர் கட்டிக் காக்க முடியாத அளவுக்குச் சிக்கலாகிவிட்டன. நாம் நினைக்காமலே இதயத்துடிப்பைக் கவனித்துக்கொள்ளும் தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் போல அவையே தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தன்னைத்தானே அமைத்துக்கொள்வது, சீராக்கிக்கொள்வது, குணப்படுத்திக்கொள்வது, காத்துக்கொள்வது என்று நான்கு குணங்கள் ஐபிஎம்மின் இந்த முயற்சியில்தான் பட்டியலாயின. கவனி, ஆராய், திட்டமிடு, செய், மறுபடி கவனி என்ற சுழற்சியும் அங்கிருந்து பரவியதுதான்.

எனக்குப் பிடித்த பகுதி எம்.ஐ.டி.யில் நடந்தது. அங்கே ஆனந்த் அகர்வாலின் ஆய்வகத்தில் (சென்னை ஐஐடியில் 1982-இல் பட்டம் பெற்றவர், பின்னாளில் எட்எக்ஸ் இணையக் கல்விக்குத் தலைமை தாங்கியவர்) ஹென்றி ஹாஃப்மனும் மற்றவர்களும் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்டார்கள். ப்ராசஸர் எவ்வளவு சுமையாக இருக்கிறது என்பதை இயங்குதளம் பார்க்கிறது, சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் வேலை திருப்தியாக நடக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? 100 சதவீதச் சுமை என்றால் நிரல் திணறுகிறது என்றும் இருக்கலாம். தேவைக்கு மேல் பாய்ந்து ஓடுகிறது என்றும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

2010-இல் அவர்கள் தந்த விடை மிக எளிது. நிரலே துடிக்கட்டும். வீடியோவைச் சுருக்கும் நிரல் ஒவ்வொரு ஃப்ரேமை (படச்சட்டத்தை) முடித்ததும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. தொடக்கத்திலேயே, ‘எனக்கு விநாடிக்கு 30 துடிப்பு இருந்தால் போதும்’ என்றும் பதிந்துவைக்கிறது. துடிப்பு 45 வந்தால் அமைப்பு சில கோர்களை (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளை) பிடுங்கிக்கொள்ளலாம், அதிர்வெண்ணை இறக்கலாம். 22 வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். எட்டுக் கோர்களில் சில செத்துவிட்டதுபோல் பாவனை செய்தும் பார்த்தார்கள். துடிப்பு குறைவதை உணர்ந்து, வீடியோ நிரலே தன் கணக்கீட்டை எளிதாக்கிக்கொண்டு 30-ஐ எட்டிப் பிடித்தது. எந்தக் கோர் செத்தது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இலக்குக்கும் நிலவரத்துக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால் போதும்.

அடுத்த ஆண்டு மார்ட்டின் ரினார்டின் குழுவோடு சேர்ந்து இன்னொரு துணிச்சல். நிரலைத் தொடங்கும்போது நாம் கொடுக்கும் அமைப்புகளை, ஓடும்போதே திருகக்கூடிய குமிழ்களாக மாற்றினார்கள். மின்சாரம் குறையும்போது தேடுபொறி சற்றுக் குறைவான முடிவுகளைத் தரும். வீடியோவின் தரம் துளி இறங்கும். ‘சரியான விடையில் கைவைப்பதா’ என்று உங்களைப் போன்ற நிரலர்கள் முகம் சுளிப்பீர்கள். முதல் பத்து முடிவுகளுக்கு மேல் பார்க்காத நமக்காக இருநூறாவது முடிவு வரை தரம் பிரித்து எந்தச் சர்வரும் வியர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. வங்கிக் கணக்கில் இந்த விளையாட்டு கூடாது, அது வேறு. 2011-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் உலகை மாற்றக்கூடிய பத்துக் கருத்துகளில் ஒன்றாகத் தன்னுணர்வுக் கணினியைச் சேர்த்தது.

உலகம் மாறியதா? பாதிதான். அந்த முறைக்கு நிரல் எழுதுபவர் வாயைத் திறந்து ‘இவ்வளவு போதும்’ என்று சொல்ல வேண்டும். நம் தொழிலில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. நீங்கள் கடைசியாக எழுதிய நிரலுக்கு எத்தனை வேகம் போதும் என்று உங்கள் மேலாளரைக் கேட்டுப் பாருங்கள். ‘முடிந்தவரை வேகமாக’ என்பார். அந்த விடையை வைத்துக்கொண்டு எந்தக் கணினியாலும் ஒரு வாட்டைக்கூட மிச்சப்படுத்த முடியாது.

புது லேப்டாப்பில் ‘பி-கோர்’, ‘இ-கோர்’ என்று இரண்டு வகை என்கிறார்கள். இ-கோர் என்றால் மட்டமான கோரா? என் கணக்கு மென்பொருள் அதில் போய் மாட்டிக்கொள்ளுமா?
*– வரி ஆலோசகர், திருநெல்வேலி*

மட்டமில்லை, சிறியது. பி-கோர் பெரியது. போன் சிப்புகளை வடிவமைக்கும் ஏஆர்எம் நிறுவனம் 2011-இல் பெரிய கோரையும் சிறிய கோரையும் ஒரே சிப்பில் சேர்க்கும் முறையை அறிவித்தது. போன்களில் அது ஊறிய பிறகு 2020-இல் ஆப்பிளின் எம்1 வழியாகவும், 2022-இல் இன்டெலின் 12-ஆம் தலைமுறை வழியாகவும் லேப்டாப்புக்கு வந்தது. எம்1-இல் நான்கு பெரியவை, நான்கு சிறியவை. பெரிய கோரின் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் ஓரளவுக்குக் கீழே அதன் பசி அடங்காது. சிறிய கோர் அந்த வேலையை இன்னும் குறைந்த ஆற்றலில் செய்துவிடும்.

எந்த வேலை எங்கே போக வேண்டும் என்பதில்தான் சிக்கல். இன்டெல் சிப்புக்குள் ஒரு கண்காணிப்புப் பகுதி, ஓடும் ஆணைகளின் வகையைப் பார்த்து விண்டோஸுக்குத் துப்புக் கொடுக்கிறது. லினக்ஸில் 2019-இல் வந்த 5.0 பதிப்பு முதல், ஒவ்வொரு கோருக்கும் ஆற்றல் அட்டவணை வைத்து இடம் ஒதுக்கும் முறை இருக்கிறது. அது முதன்மையாக ஏஆர்எம் சிப்புகளுக்கானது. விண்டோஸ் இன்னொன்றையும் பார்க்கிறது: உங்கள் கண் எந்தச் சன்னலில் இருக்கிறது என்று. நீண்ட வீடியோ மாற்றத்தை ஓடவிட்டு அதைக் கீழே சுருக்கி வைத்தால், ‘இவருக்கு இது அவசரமில்லை’ என்று சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடுவது உண்டு. நேரம் வெகுவாகக் கூடிவிடும்.

ஆகவே மாதக் கடைசியில் பெரிய அறிக்கையை ஓடவிடும்போது அந்தச் சன்னலைச் சுருக்காமல் முன்னாலேயே வைத்திருங்கள். மற்ற நாளில் நீங்கள் பில் எண்களைத் தட்டும் வேகத்துக்குச் சிறிய கோரே தாராளம்.

பழைய போன்கள் மெதுவாவது, நம்மைப் புதுசு வாங்க வைக்க நிறுவனங்கள் செய்யும் சதிதானே?
*– ஆட்டோ ஓட்டுநர், மதுரை*

சதி என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு அண்ணே. 2017 ஜனவரியில் ஆப்பிள் ஒரு மென்பொருள் பதிப்பை வெளியிட்டது. பேட்டரி வயதான ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றில் அது உச்ச வேகத்தை அடக்கிவைத்தது. காரணம் உண்மையானதுதான். லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்போது அதன் உள்மின்தடை ஏறுகிறது. ப்ராசஸர் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் பொத்தென்று அணைந்துவிடும். பாதி வேகத்தில் ஓடும் போன் மேலா, நடுரோட்டில் அணையும் போன் மேலா என்று கேட்டால் நீங்களும் முதலாவதைத்தான் சொல்வீர்கள்.

அதைச் சொல்லாமல் செய்ததுதான் அநியாயம். பேட்டரி மாற்றியதும் வேகம் திரும்பிவிட்டதைப் பயனாளர்கள் கண்டுபிடித்து, 2017 டிசம்பரில் விஷயம் வெடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்குக் குறைத்தது. அடுத்த ஆண்டு பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கத்தையும், அந்த அடக்குமுறையை நிறுத்தும் வசதியையும் சேர்த்தது. 2020-இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது.

உங்கள் போன் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், மூன்று நான்கு வருடம் உழைத்திருந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை மாட்டி, வழிகாட்டியும் போட்டு, சார்ஜும் ஏற்றுகிறீர்கள். பேட்டரிக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

பேட்டரி சேமிப்புச் செயலிகள் பயன்படுமா? *– கல்லூரி மாணவி, வேலூர்*

உங்கள் பேட்டரிக்குப் பயன்படாது. விளம்பரம் போடுபவருக்குப் பயன்படும். நீக்கிவிடுங்கள்.

லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து வேலை பார்த்தால் மெதுவாகிறது. மேசையில் வைத்தால் சரியாக இருக்கிறது. பிரமையா? *– வீட்டிலிருந்து பணிபுரிபவர், சேலம்*

பிரமை இல்லை. மெத்தை அடிப்பக்கக் காற்றுத்துளைகளை அடைத்துவிடுகிறது. சிப்பின் சூடு வரம்பை நெருங்கும்போது (பல இன்டெல் ப்ராசஸர்களில் அது 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது) அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்.

மேசையில் வைத்தும் இப்படியானால் உள்ளே பார்க்க வேண்டும். அடிமூடியைக் கழற்றினால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டைப்போல் திரண்ட தூசி ஒரு பட்டையாக உட்கார்ந்திருக்கும். விசிறி முழு மூச்சாகச் சுழன்றும் காற்று வெளியே வராது. இடுக்கியால் அதை முழுதாக உருவி எடுத்துவிட்டு, பொருக்காகக் காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதுப்பசை தடவினால், எந்த மென்பொருளும் செய்ய முடியாத காரியம் நடக்கும்: அதே வேலைக்கு விசிறியே கேட்காது. சுய கட்டுப்பாட்டில் எனக்கு ஒரு குறை இது. தூசி அடைத்தது என்று கணினிக்குத் தெரிவதில்லை. சூடு என்று மட்டும் தெரிகிறது. ஆகவே வருடக்கணக்கில் பேசாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். உரிமையாளரும் ‘பழசாகிவிட்டது’ என்று புதிது வாங்கப் போய்விடுவார்.

எங்கள் பக்கம் பெரிய பெரிய தரவு மையங்கள் வந்துவிட்டன. அவ்வளவு மின்சாரம் எடுத்து என்னதான் செய்கிறார்கள்? அங்கேயும் இந்தச் சிக்கனம் உண்டா?
*– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சிறுசேரி*

இணையச் சேவைகளை ஓட்டும் சர்வர் கணினிகள் அடுக்கிவைத்த கட்டடங்கள் அவை. அங்கேதான் இந்தச் சிக்கனத்துக்குக் காசு மதிப்பு அதிகம். 2007-இல் கூகுளின் லூயிஸ் பரோசோ, உர்ஸ் ஹோல்ஸ்லே இருவரும் ஒரு சங்கடமான உண்மையை எழுதினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களைக் கவனித்ததில், அவை பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதம் வரைதான் வேலை செய்தன. நல்ல சர்வர்கூட ஏறக்குறைய ஒரு வேலையும் செய்யாதபோதே உச்ச மின்செலவில் பாதியை விழுங்கியது. வேலைக்குத் தகுந்த கூலி என்பதுபோல, வேலைக்குத் தகுந்த மின்சாரம்தான் இலக்காக வேண்டும் என்றார்கள். அன்று முதல் சர்வர் தயாரிப்பாளர்களின் போட்டி பெருமளவு அந்தப் பாதையில்தான்.

மீதிச் செலவில் பெரும்பகுதி குளிரூட்டல். 2016-இல் கூகுள் தன் தரவு மையமொன்றில் தன் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் இயந்திரக் கற்றலை (தரவிலிருந்து தானே கற்கும் மென்பொருளை) பயன்படுத்தி, குளிரூட்டலுக்கான ஆற்றலை 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது. அப்போது அது ஆலோசனை சொல்லும், ஊழியர்கள் திருகுவார்கள். 2018-இல் திருகும் வேலையையும் அதனிடமே விட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான உணரிகளின் நிலவரத்தைப் படித்து முடிவெடுக்கிறது. ஆனால் பாதுகாப்பு வரம்புகளை மனிதர்கள்தான் வகுத்திருக்கிறார்கள். விரும்பிய கணத்தில் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்ளவும் முடியும்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டடம் மொத்தமாக எடுக்கும் மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் என்ன எண் வருகிறது என்று கேளுங்கள். ஒன்றுக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. அப்படியே தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டுபவர்கள் மின்சாரத்தில் மிச்சம்பிடித்து உங்கள் நிலத்தடி நீரில் செலவு வைக்கலாம்.

நான் இறுதியாண்டு. இந்தத் துறையில் திட்டப்பணி செய்ய ஆசை. இயந்திரக் கற்றல் படிக்க வேண்டுமா, கட்டுப்பாட்டியல் படிக்க வேண்டுமா? வீட்டில் ஒரு பழைய லேப்டாப்தான் இருக்கிறது.
*– மாணவி, காரைக்குடி*

பழைய லேப்டாப்தான் இதற்குத் தோதானது. இரண்டும் படிக்க வேண்டும், முதலில் கட்டுப்பாட்டியல், அதாவது இலக்கிலிருந்து விலகுவதை அளந்து திருத்தும் கலை. எந்த அமைப்பில் எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம் என்று கணிக்க இயந்திரக் கற்றல் கைகொடுக்கும். ஆனால் கணிப்பு பிசகும்போது அலைபாயாமல் இலக்குக்குத் திரும்புவதற்குக் கட்டுப்பாட்டியல்தான் உத்தரவாதம். முன்னே சொன்ன ஹாஃப்மன் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய், அவருடைய குழு 2018-இல் இரண்டையும் இணைத்துக் காட்டியது. உங்கள் கல்லூரியில் மின்னியல் துறைப் பேராசிரியர் ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். கணினித் துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

கருவி வாங்கக் காசு வேண்டாம். 2011 முதல் வந்த இன்டெல் ப்ராசஸர்களுக்குள்ளேயே ஓர் ஆற்றல் எண்ணி (கவுன்டர்) இருக்கிறது. லினக்ஸ் போட்டு, சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் பவர்கேப் என்று போனால் மைக்ரோஜூல் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் கிடைக்கும். ஒரு கோப்பைச் சுருக்கும் வேலையைத் தொடங்கும் முன் அதைப் படியுங்கள், முடிந்ததும் படியுங்கள், கழியுங்கள். பிறகு அதிகபட்ச அதிர்வெண்ணைப் படிப்படியாக இறக்கி அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். நேரத்தை ஒரு அச்சிலும் ஜூலை இன்னொரு அச்சிலும் வைத்து வரைந்தால், தஞ்சாவூர் மாணவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு உங்கள் லேப்டாப்பில் எந்த இடத்தில் திரும்புகிறது என்று தெரியும். அந்த எண்ணி ப்ராசஸரை மட்டும் அளக்கும், திரையை அளக்காது. அந்த வித்தியாசத்தைப் பிடிக்க நான் சொன்ன வாட்மீட்டர் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது.

அந்தக் கோப்பைத் திறக்கும்போது நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டால் திகைக்காதீர்கள். முன்பு கேட்காது. 2020 நவம்பரில் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் அந்த எண்ணியின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே, ப்ராசஸருக்குள் நடக்கும் மறையாக்கத்தின் ரகசியச் சாவியைப் பிடித்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் சாதாரணப் பயனாளருக்கு அந்தக் கதவை மூடினார்கள். திட்டப்பணிக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.